சீசன் படுத்தால் ஊர் எப்படி எழும்?



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போது இந்தக் கேள்வி அடிக்கடி வரும்: "கடன் வாங்கிக் கடை போட்டோம். வெளியூர் ஆளுங்க வந்தாத்தான் வியாபாரம். வராமப் போயிட்டா தவணைய எப்படிங்க கட்றது?"

நியாயமான கேள்வி. பக்கத்து மாநிலமான கேரளாவில் நடந்ததை வைத்து இதற்குப் பதில் தேடுவோம்.

மந்தம் என்றால் என்ன?

வாங்குவதும் விற்பதும் பல மாதங்கள் தொடர்ந்து குறைந்துகொண்டே போவதுதான் பொருளாதார மந்தம். சுற்றுலா ஊரில் இது சங்கிலி மாதிரி இழுக்கும். ஓட்டலில் அறை காலி என்றால் காய்கறி வேண்டாம். காய் விற்ற அம்மா கையில் காசு இல்லை. அவர் மளிகைக் கடைக்குப் போகமாட்டார். கடைசியில், சுற்றுலாவுக்குச் சம்பந்தமே இல்லாத தையல்காரரிடமும் துணி வராது.

முதலில் திரும்பி வந்தது யார்?

2019-ல் கேரளாவுக்கு உள்நாட்டுப் பயணிகள் சுமார் 1 கோடியே 84 லட்சம் பேரும், வெளிநாட்டினர் சுமார் 12 லட்சம் பேரும் வந்தார்கள். கொரோனா வந்த 2020-ல் உள்நாட்டுப் பயணிகள் சுமார் 50 லட்சமாகக் குறைந்தார்கள். 2021-ல் வந்த வெளிநாட்டினர் வெறும் 60 ஆயிரம் பேர்தான்.

2022-ல் உள்நாட்டுப் பயணிகள் 1 கோடியே 88 லட்சம்! பழைய கணக்கையே தாண்டிவிட்டது. வெளிநாட்டினரோ 2024-லும் ஏழரை லட்சத்தை எட்டவில்லை. ஆக, பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிற பக்கத்து ஊர்க் குடும்பம்தான் முதலில் திரும்பி வரும். அவர்கள் பைக்கு ஏற்ற பொருளும் விலையும் நம்மிடம் இருக்க வேண்டும்.

வந்த பணம் யார் கைக்குப் போகிறது?

ஆள் வந்தால் மட்டும் போதுமா? ஓட்டல் நிரம்பியும் காய்கறி வெளியூர் லாரியில் வந்தால் நமக்கு என்ன லாபம்?

கோட்டயம் மாவட்டத்தில், வேம்பநாட்டுக் காயல் ஓரம் குமரகம் என்ற ஊர் இருக்கிறது. 2008-ல் அங்கே ஒரு ஏற்பாடு செய்தார்கள். நம்மைப் போன்ற குடும்பஸ்ரீ குழுப் பெண்கள் காய்கறி பயிரிட்டார்கள். ஓட்டல்கள் அதை வாங்கின. விலை பேச ஒரு குழு, தரம் பார்க்க ஒரு குழு அமைத்தார்கள். கேட்ட அளவைக் கேட்ட நாளில் கொடுப்பது ஆரம்பத்தில் சிரமமாகத்தான் இருந்தது. கூட்டாகப் பயிர் செய்துதான் சமாளித்தார்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஓட்டல் மூடினாலும் கீரையைச் சந்தையில் விற்கலாம், வீட்டிலும் சமைக்கலாம். பயணிக்காக மட்டும் செய்த அலங்காரப் பொருள் அட்டைப் பெட்டியிலேயே கிடக்கும்.

அதுவரை தாக்குப்பிடிப்பது எப்படி?

2020 மார்ச்சில் கேரள அரசு அறிவித்த உதவித் திட்டத்தில், குடும்பஸ்ரீ குழுக்கள் வழியாக 2,000 கோடி ரூபாய் கடன் தருவதும் இருந்தது. குழுவும் கணக்குப் புத்தகமும் ஏற்கெனவே இருந்ததால்தான் இது வீடு வரைக்கும் போய்ச் சேர வழி இருந்தது.

ஆனால் கடன் மூச்சு விடத்தான் உதவும். பிழைப்புக்கு வேறு வழியும் வேண்டும். எனவே நாங்கள் சொல்வது இதுதான்:

• சீசன் மாதங்களில் ஓரிரு தவணைக்கான பணத்தைத் தனியாகச் சேமியுங்கள்.
• பயணியை நம்பாத ஒரு சிறு வருமானமும் வைத்திருங்கள்.
• தவணை தவறும் முன்பே குழுவில் வாய்விட்டுச் சொல்லுங்கள். தவறிய பிறகு சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் வருமானம் வெளியூர் ஆட்களை நம்பி இருக்கிறது?
2. நம் ஊர் ஓட்டல், டீக்கடை, கல்யாண மண்டபத்துக்கு எந்தெந்தப் பொருள் வெளியிலிருந்து வருகிறது? அதில் எதை நாம் கொடுக்க முடியும்?
3. மூன்று மாதம் வியாபாரம் நின்றால் நம் குழுச் சேமிப்பு எத்தனை பேரைத் தாங்கும்?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கஷ்டம் வருவதற்கு முன்னால் போட்ட கணக்குதான் கஷ்டத்தில் கைகொடுக்கும்!