‘போர்டு’ என்பதன் பொருள்கள்

கேள்வி: ‘போர்டு’ என்றால் பலகை, நிர்வாக சபைக்கும் ‘போர்டு’. ஹோட்டல் வாசலிலோ ‘போர்டிங்’! சம்பந்தம் என்ன?

பதில்: மூலம் ஒன்றே. பூர்வ ஆங்கிலத்தில் பலகையைக் குறித்த இச்சொல், பலகையாலான மேஜையையும், நாளடைவில் அம்மேஜையில் பரிமாறப்பெற்ற போஜனத்தையும் குறிக்கலாயிற்று. ஆதலால்தான் நம் ஊர் ஹோட்டல்களில் ‘போர்டிங்’ என்றால் சாப்பாடு, ‘லாட்ஜிங்’ என்றால் தங்கும் இடம். அதே மேஜையைச் சுற்றி அமர்ந்து ஆலோசித்தவர்களுக்கு மேஜையின் பெயரே ஆகுபெயராகி, ஜில்லா போர்டு, ரெவினியூ போர்டு என்று நம் நாட்டு நிர்வாகத்திலும் வந்து நிலைபெற்றது. கப்பலின் பக்கத்துக்கும் ‘போர்டு’ என்றே பெயராயிருந்தமையால், கப்பலேறுவதும் இச்சொல்லாலேயே வழங்கிற்று. விமான நிலையத்தில் தரும் ‘போர்டிங் பாஸ்’ அந்தக் கிளையைச் சேர்ந்தது. சாப்பாட்டுக் கிளையைச் சேர்ந்ததன்று.