விடுதி வாழ்வும் உதவித்தொகையும்

வளைகுடாவில் பள்ளிக் கல்வி முடித்துத் தாயகத்தில் பட்டம் பயிலச் செல்வோர் பெற்றோரைப் பிரிந்து விடுதியில் வாழ்வர். இத்தகையோர்க்கென இந்திய அரசு 2006-07ஆம் கல்வியாண்டில் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. வளைகுடா உள்ளிட்ட நாடுகளில் உழைக்கும் இந்தியத் தொழிலாளர் பிள்ளைகளுக்கெனப் பின்னர் 50 இடங்கள் சேர்க்கப்பட்டன.

கல்வி, விடுதிக் கட்டணங்களில் 75 விழுக்காடு, ஆண்டுக்கு 4000 டாலருக்கு மிகாமல் என்பது அதன் விதி. கட்டணம் 6000 டாலராயின் 75 விழுக்காடு 4500, கிடைப்பதோ 4000. எஞ்சிய 2000 டாலரும் உணவுச் செலவும் பெற்றோரின் வியர்வையிலிருந்தே வரவேண்டும்.

ஆதலின் பெற்றோர், சேர்க்கைக்கு முன்பே பிள்ளைகளுடன் அமர்ந்து இக்கணக்கைப் போடுதல் நன்று. மாணவர்களே, விடுதியில் மாதந்தோறும் வரவு செலவு எழுதி வீட்டிற்கு அனுப்புங்கள். கேட்கத் தயங்கிப் பசியோடு இருத்தலும் தவறு. கணக்கின்றிக் கேட்டலும் தவறு.