மலைக்கு எதை அனுப்புவது?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் சென்னை விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்கள் பல, சிபியுவையும் மானிட்டரையும் வண்டியில் ஏற்றி ஆர்டிஸ்ட்களின் வீட்டுக்கே அனுப்பின. சாலிகிராமத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்துப் பையன்களும் அதில் உண்டு. சிலர் அப்புறம் சென்னைக்கு வரவே இல்லை. ஊரிலேயே ரோட்டோ வேலையைத் தொடர்ந்தார்கள். காட்சியில் இருக்கும் ஆளையோ பொருளையோ ஃப்ரேம் ஃப்ரேமாகக் கோடு போட்டுப் பிரித்தெடுப்பதுதான் ரோட்டோ. அப்படி ஒரு சிறு குழுவுக்கு வேலை போய்வரும் வழியை அமைத்துக் கொடுத்ததில் தெரிந்துகொண்டவை இவை.

குழுவில் பெரும்பாலானோர் கள்ளக்குறிச்சி டவுனில், ஃபைபர் இணைப்போடு. ஓரிருவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம். 2000 முதல் 3000 அடி வரை உயரும் அந்த மலையில் ஒரு வளைவில் வரும் சிக்னல் அடுத்த வளைவில் இருக்காது.

தென்காசிப் பக்கம் ஸோஹோ 2011-லேயே அலுவலகம் போட்டதே, இதில் என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். அங்கே போய்வருவது எழுத்து. இங்கே படம்: ப்ளேட் என்று சொல்லப்படும், கேமராவில் எடுத்த மூலக் காட்சி. 2கே அளவில் (2048 × 1152) ஹாஃப் ஃப்ளோட் இஎக்ஸ்ஆர் ஃப்ரேம் ஒன்று, சுருக்காமல் வைத்தால் சுமார் 19 எம்பி. ஐந்து நொடி ஷாட்டுக்கு 120 ஃப்ரேம், இரண்டேகால் ஜிபி. 10 எம்பிபிஎஸ் லைன் ஒரு நொடிகூட அறுபடாமல் ஓடினாலே இறங்க அரை மணி நேரம். இது ஒரே ஒரு ஷாட்டுக்கு; 2024-ல் வந்த 'அயலான்' படத்தில் மட்டும் 4500-க்கு மேல் விஎஃப்எக்ஸ் ஷாட்கள் என்று படக்குழு சொன்னது. "அண்ணா, ப்ளேட் இன்னும் இறங்கிட்டே இருக்கு" என்று காலை பதினோரு மணிக்கு மலையிலிருந்து போன் வந்தால் அன்றைக்கு அரை நாள் போச்சு.

உண்மையில் ரோட்டோ ஆர்டிஸ்டுக்கு இஎக்ஸ்ஆர் தேவையே இல்லை. அவர் பார்ப்பது ஓரத்தை, கொடுப்பது கோட்டை. ப்ளேட்டை ஜேபெக் வரிசையாக மாற்றினால் ஒரு ஃப்ரேம் ஒரு எம்பிக்குள் அடங்கும். அதே லைனில் ஷாட் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். திரும்பி வருவது நியூக் அல்லது சில்ஹவுட் ஃபைல், பெரும்பாலும் சில எம்பிதான். சென்னை மெஷினில் ஒரிஜினல் ப்ளேட்டின் மேல் அதை வைத்து மேட்டை (ஆளைப் பிரித்துக் காட்டும் கறுப்பு-வெள்ளைப் படத்தை) ரெண்டர் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் சறுக்கும் இடங்கள் உண்டு. எடை குறையட்டும் என்று படத்தின் அகல உயரத்தைக் குறைத்தால், திரும்பி வரும் கோடுகள் ஒரிஜினலில் இடம் தவறி உட்காரும். வீடியோ ஃபைலாக மாற்றினால் 1001-ல் தொடங்க வேண்டிய ஃப்ரேம் எண் ஒன்றாகிவிடும், அல்லது ஒரு ஃப்ரேம் தள்ளிப்போகும். எனவே அளவும் எண்ணும் அப்படியே இருக்க வேண்டும். இரவுக் காட்சி இன்னொரு தலைவலி. கறுப்புச் சட்டை போட்ட நாயகனின் தோள் ஜேபெக்கில் பின்னணி இருட்டோடு கரைந்துவிடும். தோள் எங்கே முடிகிறது என்று ஆர்டிஸ்ட் குத்துமதிப்பாகப் போட வேண்டியதுதான். இத்தகைய ஷாட்டுக்கு காமா ஏற்றி வெளுக்கவைத்த இரண்டாவது ஜேபெக் செட் ஒன்றும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

ஹாலிவுட் வேலை என்றால் கதை வேறு. அமெரிக்காவின் மோஷன் பிக்சர் அசோசியேஷன் முன்னின்று 2018-ல் கொண்டுவந்த டிபிஎன் பாதுகாப்புத் தணிக்கையை அங்குள்ள ஸ்டுடியோக்கள் கேட்கும். ப்ளேட் ஆர்டிஸ்டின் வீட்டு டிஸ்க்கில் இறங்கக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. ஜேபெக்கும் அதில் சேர்த்தி. பார்செக் போன்றவை மூலம் சென்னை மெஷினின் திரையை மட்டும் பார்த்து வேலை செய்ய வேண்டும். இதற்கு வேகத்தைவிட லைனின் நிதானம் முக்கியம். லைன் தடுமாறினால் பேனா ஓரிடத்தில் இருக்கும், புள்ளி வேறிடத்தில் விழும். அந்த வேலையை டவுன் ஃபைபரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. மலைக்குத் தமிழ்ப் படங்கள் போகட்டும், தயாரிப்பாளர் சம்மதத்தோடு.

கரண்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இன்வெர்ட்டர், ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஆட்டோசேவ். ஃபைல் அனுப்ப சிங்க்திங் போதும். அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், காசும் கேட்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைக்காரர்களுக்கு அவசர ஷாட் தரக் கூடாது.

கருத்துச் சொல்லும் முறைதான் கடைசியாகச் சரியானது. "எட்ஜ் கொஞ்சம் பாருப்பா" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பையன் எந்த ஓரத்தைப் பார்ப்பான்? "1047 முதல் 1062 வரை, இடது காது, கோடு உள்ளே போகிறது" என்று கிட்சு போன்ற ட்ராக்கரில் படத்தின் மேல் வட்டம் போட்டு எழுதினால் ஒரே தடவையில் முடியும். கிட்சு ஓப்பன் சோர்ஸ். சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளலாம்.

அந்த எழுத்து பணக் கணக்குக்கும் உதவுகிறது. கோடு ஆடினால் திருத்துவது ஆர்டிஸ்டின் பொறுப்பு. டைரக்டர் ஷாட்டின் நீளத்தை மாற்றினால் அது புதிய மேன்-டே, அதாவது தனியாகக் கூலி கேட்க வேண்டிய ஆள்-நாள். இதை வேலை தொடங்கும் முன்பே ஸ்டுடியோவிடம் மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னபோது பையன்கள் தயங்கினார்கள், "அண்ணன் தப்பா நினைச்சுக்குவாரு" என்று. நினைத்தால் நினைக்கட்டும், மெயில் போகட்டும் என்றேன்.