மழைநீரில் ஸ்கூட்டர் பெல்ட் வழுக்குகிறதா?

தேங்கிய மழைநீரைக் கடந்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் கூடி, வண்டி இழுக்கவில்லையா? பெல்ட் கவருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்.

1. உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். வழுக்கியபடியே ஓடினால் பெல்ட் சூடேறிக் கருகும்.

2. கவரின் அடியில் வடிகுழாய் இருந்தால் திறந்துவிடுங்கள். தேங்கிய நீர் வெளியேறும்.

3. சென்டர் ஸ்டாண்டு போட்டு, சில நிமிடங்கள் மிதமாக ரேஸ் கொடுங்கள். சுழற்சியில் ஈரம் தெறித்துக் காயும். புடவை, துப்பட்டா பின்சக்கரத்தருகே வேண்டாம்.

4. பெல்ட்டில் ஆயில், கிரீஸ் தடவாதீர்கள். இருக்கிற பிடிப்பும் போய்விடும்.

5. காய்ந்த பிறகும் வழுக்கினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பக்கவாட்டில் பளபளப்போ வெடிப்போ தெரிந்தால் புது பெல்ட் போடுவதே நல்லது.

கவனம்: தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள்.