மின்கருவி வாங்குமுன்: மலிவானதா, விலை உயர்ந்ததா?

கொட்டகைக்குத் தகரம் பொருத்துதல், பழைய குழாயை வெட்டுதல், தோப்பில் களை அகற்றுதல் போன்ற வேலைகளுக்கு இன்று பலர் சொந்தமாகவே கருவிகள் வைத்துள்ளனர். கடைக்குச் சென்றால் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கருவிகளில் ஒன்றின் விலை மற்றதைப் போல் மூன்று மடங்கு இருக்கிறது. எதை வாங்குவது என்ற கேள்வி பயிற்சிக்கு வரும் உழவர்களிடமிருந்து அடிக்கடி எழுகிறது. ‘மலிவானது எல்லாம் மோசம்’ என்பதும் சரியன்று. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பதும் சரியன்று. எத்தனை மணி நேரம் உழைக்கப் போகிறது, பழுதானால் என்ன நட்டம் என்ற இரண்டையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

விலை வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

விலை உயர்ந்த கருவிகளில் பொதுவாகச் சுழலும் தண்டு பால் பேரிங்குகளில் ஓடும். பல்சக்கரங்கள் எஃகினால் ஆனவை. விலை குறைந்தவற்றில் பேரிங்குக்குப் பதில் புஷ் இருப்பதுண்டு. புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும். ஆர்மேச்சர் உரசிச் சூடேறும். கருவியின் மேல் எழுதியுள்ள வாட் அளவை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அது கருவி எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவே தவிர, செய்து தரும் வேலையின் அளவன்று.

மின்கலக் கருவிகளிலும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என மூன்று விதமாக விற்கப்படுபவை பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல்களை வரிசையாக இணைத்தவையே. ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், முழுதும் மின்னேற்றினால் 4.2 வோல்ட். ஐந்தால் பெருக்கினால் முறையே 18, 21 ஆகும். ஆகவே வோல்ட்டுடன் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பாருங்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 72 வாட்-மணி. இருப்பில் உள்ள சக்தி அவ்வளவுதான்.

மணிக்கணக்கு போட்டுப் பாருங்கள்

கீழ்க்காணும் விலையும் ஆயுளும் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே கணக்கிடலாம்.

முதலில் துளையிடும் டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். மலிவானது ரூ.1,500, 50 மணி நேரம் உழைக்கும். உயர்ந்தது ரூ.4,500, 300 மணி நேரம் உழைக்கும். மணிக்கு முறையே ரூ.30, ரூ.15 ஆகிறது. உயர்ந்ததே இலாபம் என்று தோன்றும். ஆனால் வீட்டு வேலைக்கு ஆண்டுக்கு 12 மணி நேரம்தான் பயன்படுத்துவீர்கள் என்றால், அந்த 300 மணி நேரம் முடிய 25 ஆண்டுகள் ஆகும். மலிவானதோ நான்கு ஆண்டுகள் வரும். இடையில் நின்றாலும் துளை போடுவது இரண்டு நாள் தள்ளிப்போகும், வேறு நட்டமில்லை. இங்கே மலிவானது போதும்.

இனி ‘பிரஷ் கட்டர்’ எனப்படும் களைவெட்டும் கருவியைப் பார்ப்போம். மலிவானது ரூ.8,000, 200 மணி. உயர்ந்தது ரூ.20,000, 1,000 மணி. தென்னந்தோப்பில் ஆண்டுக்கு 100 மணி நேரம் வேலை இருந்தால், மலிவானது இரண்டே ஆண்டில் தீர்ந்துவிடும், மணிக்கு ரூ.40 ஆகும். உயர்ந்தது பத்து ஆண்டுகள் வரும், மணிக்கு ரூ.20 ஆகும்.

இதில் இன்னொரு நட்டமும் உண்டு. களையைப் பூக்குமுன் வெட்ட வேண்டும். பார்த்தீனியம் முளைத்த நான்கு முதல் எட்டு வாரங்களில் பூக்கத் தொடங்கிவிடும். அந்தச் சமயத்தில் கருவி உதிரிபாகத்துக்காகப் பத்து நாள் கடையில் கிடந்தால், விதை நிலத்தில் விழுந்துவிடும். அடுத்த பருவத்துக் கூலியும் சேர்ந்து உங்கள் தலையில் விழும்.

எனவே மலிவான கருவியின் ஆயுள் மணியை உங்கள் ஓராண்டு உபயோகத்தால் வகுத்துப் பாருங்கள். நான்கு ஆண்டுக்குக் குறையாமல் வந்தால் அதையே வாங்கலாம். இரண்டு ஆண்டோ அதற்குக் குறைவோ என்றால் உயர்ந்ததே சிக்கனம். ஆயுள் மணியைப் பெட்டியில் அச்சிடுவதில்லை. ஏற்கெனவே அக்கருவியை வைத்திருக்கும் அண்டை உழவரிடமும், பழுது பார்ப்பவரிடமும் கேட்டறிவதே நலம்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம்

ஆங்கிள் கிரைண்டர் விஷயத்தில் மேற்சொன்ன கணக்கு மட்டும் போதாது. 100 மில்லிமீட்டர் வட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வட்டு உடைந்தால் துண்டும் அதே வேகத்தில் பறந்து வரும். ஆகவே,

1. பாதுகாப்பு மூடி உறுதியாக நிற்காத கிரைண்டரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

2. மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய வட்டு மாட்டாதீர்கள். பெரும்பாலான வெட்டும் வட்டுகளின் உச்ச வேகம் நொடிக்கு 80 மீட்டர். 180 மில்லிமீட்டர் வட்டை அதே 11,000 சுற்றில் ஓட்டினால் வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டிவிடும்.

3. மட்டை வெட்டவும் கிளை அறுக்கவும் கிரைண்டரில் பல்லுள்ள மரம் அறுக்கும் வட்டை மாட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பல் மரத்தில் சிக்கினால் கருவி கையை மீறித் துள்ளும். விரலும் தொடையும் போகும். மரத்துக்கு அதற்குரிய வாளையே பயன்படுத்துங்கள்.

4. வட்டின் நடுவளையத்தில் காலாவதித் தேதி இருந்தால் பார்த்து வாங்குங்கள். ஈரத்தில் கிடந்த வட்டை எறிந்துவிடுங்கள். கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

கடையில் சோதிக்க வேண்டியவை

தண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருத்தலாகாது. இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, சத்தம் சீராக உள்ளதா, கருகல் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். கார்பன் பிரஷ் தனியே கிடைக்கிறதா, அதை வெளியிலிருந்தே மாற்றலாமா என்று கேளுங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சிட்டிருந்தால் இரட்டை மின்காப்பு உள்ளது என்று பொருள். அது இல்லாத கருவிக்கு எர்த் இணைப்புள்ள மூன்று முள் பிளக் கட்டாயம் தேவை. பழுது பார்க்கும் இடம் உங்கள் ஊருக்கு அருகில் இல்லாவிட்டால் பெரிய பெயருள்ள கருவியும் பயனற்றதே. உத்தரவாதச் சீட்டில் தேதியும் முத்திரையும் பெற மறவாதீர்கள்.

வாங்கிய பின்

மெல்லிய கம்பியை நீளமாக இழுத்துக் கருவியை ஓட்டினால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும். குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி நல்லது. மின்கசிவின்போது இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச் ஒன்றை வீட்டில் பொருத்துங்கள். அது உயிர் காக்கும். மலிவான கருவியைப் பத்து நிமிடம் ஓட்டினால் சிறிது நேரம் ஆறவிடுங்கள். இரு வீச்சு எஞ்சின் உள்ள களைவெட்டிக்கு நிறுவனம் சொன்ன அளவில் மட்டுமே எண்ணெய் கலக்க வேண்டும். 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50:1 என்றால் 20 மில்லி. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். விலை உயர்ந்த எஞ்சினும் அதற்கு விலக்கன்று.

ஆகவே எப்போதாவது எடுக்கும் கருவிக்கு மலிவானதும், பருவந்தோறும் உழைக்கும் கருவிக்கு உயர்ந்ததும் வாங்கலாம். துளையிடும் கருவியில் மிச்சப்படுத்திய பணத்தில் நல்ல வெட்டும் வட்டும், கண்ணாடியும், மின்கசிவு சுவிட்சும் வாங்குங்கள். பணமும் மிஞ்சும், கையும் கண்ணும் பாதுகாப்பாக இருக்கும்.