நெல்லும் உளுந்தும்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இருபோகம் நெல் விளைகிறது. எனினும், சோற்றையே பெரிதும் உண்ணும் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் உடல் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் போதிய அளவு கிட்டுவதில்லை. காரணம் யாது?

புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. தசையும் இரத்தமும் செரிமான நொதிகளும் இவற்றைக் கொண்டே அமைகின்றன. இவற்றுள் 9 வகைகளை உணவிலிருந்தே பெறவேண்டும். ஒன்று குறையினும், ஏனையவை உடல் வளர்ச்சிக்கு முழுமையாகப் பயன்படா. அரிசியில் லைசின் குறைவு. உளுந்தில் அது மிகுதி. உளுந்தில் குறைந்த மெத்தியோனினை அரிசியும் எள்ளும் ஈடுசெய்யும். ஆகவே, நெல்லைச் சீமையின் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் நிறைவான உணவாகும். நலமுள்ளோர் கடைகளில் விற்கும் அமினோ அமிலத் தூளுக்குப் பணம் செலவிட வேண்டுவதில்லை. மருத்துவர் கூறினால் மட்டும் வாங்குக.

பிசான அறுவடையை ஒட்டி, வயலின் ஈரம் காயுமுன் உளுந்து விதைத்தால் ஏறத்தாழ 70 நாளில் பலன் தரும். வேர்முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். விளைந்ததனைத்தையும் விற்றுவிடாது, வீட்டுக்கென ஒரு பங்கை உழவர் ஒதுக்குதல் வேண்டும். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் கீழ், தம் ஊர்ப் பிள்ளைகளின் உணவில் பருப்பு குறைவின்றிச் சேர்கிறதா என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் கவனித்து வருதல் நலம்.