மாடியில் ஷெட் போட யாரை நம்பலாம்?

அலங்காநல்லூரில் காணும் பொங்கலன்று ஜல்லிக்கட்டு பார்க்க மாடிக்கு மாடி உறவுக் கூட்டம். மற்ற நாளெல்லாம் வெயில். தகர ஷெட் போட ஆள் தேடுகிறவர்களுக்கு:

1. அவர் போட்ட ஷெட் இரண்டையாவது நேரில் பாருங்கள். ஓர் ஆடிக் காற்றையாவது தாண்டிய கூரையாக இருக்கட்டும். ஒழுகுகிறதா என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். போட்டவர் ‘இல்லை’ என்றுதானே சொல்வார்!

2. தூணை எங்கே நிறுத்துவார் என்று கேளுங்கள். பில்லர், பீம் மேல் பிளேட் வைத்து ஆங்கர் போல்ட் அடிப்பவர் விஷயம் தெரிந்தவர். தளத்தின் நடுவில் துளை போட்டால் கீழே சீலிங் ஒழுகும்.

3. சதுர அடிக் கணக்கு தரையளவா, சாய்ந்த கூரையளவா என எழுதி வாங்குங்கள். கடைசி நாள் சண்டை பெரும்பாலும் இதில்தான். பைப் கனம், ஷீட் கனம் (0.5 மி.மீ. என்றால் 0.5) எல்லாம் அதே தாளில் வரட்டும்.

4. வெல்டிங் வைத்த இடத்தில் ரெட் ஆக்சைடு அடிக்கச் சொல்லுங்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

5. கொஞ்சம் பணத்தை நிறுத்தி, முதல் மழைக்குப் பிறகு கொடுங்கள்.

காளை பார்க்க ஷெட் மேல் யாரையும் ஏற்றாதீர்கள். ஷீட் ஆள் பாரம் தாங்காது. ஐப்பசி மழைக்கு முன்பே ஆளைப் பேசிவிடுங்கள்.